தொடாத படம் என்று ஒன்று இருந்ததா?

“அந்தக் காலத்தில் போட்டோ எடுக்கத் தெரிந்தவர்தான் கேமராவைத் தொட்டார். இப்போது யார் எப்படி எடுத்தாலும் போட்டோஷாப்பில் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம்.” கல்யாண மண்டபத்திலும் ஸ்டூடியோ வாசலிலும் வருடக்கணக்காகக் காதில் விழுகிற பேச்சு இது. ஏதோ ரசனையைப் பற்றிய புலம்பல் போலத் தோன்றினாலும், இதற்குள் சரித்திரம் பற்றிய ஒரு கூற்று ஒளிந்திருக்கிறது. கேமராவிலிருந்து வந்த படம் வந்தபடியே சட்டத்துக்குள் போன காலம் ஒன்று இருந்தது, கம்ப்யூட்டர் வந்து அதைக் கெடுத்தது என்பதுதான் அந்தக் கூற்று. தமிழ்நாட்டில் புகைப்படம் நுழைந்த நாளிலிருந்து நடந்ததை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். அப்படி ஒரு காலம் இருந்தது உண்மைதான். ஆனால் அது 1980களில் தொடங்கிச் சுமார் இருபது, இருபத்தைந்து வருடங்களில் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய நூற்றிருபது வருடங்களுக்கும் மேலாக இங்கே படத்தின் மேல் கை வைக்காமல் யாரும் தொழில் செய்யவில்லை. நாம் பெருமையாகப் பேசுகிற கேமராத் திறமை முழுக்க வளர்ந்ததும் அந்தக் கைபட்ட காலத்தில்தான்.

ஆரம்பத்திலிருந்தே பார்க்கலாம். 1856இல் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. அதற்கு முந்தைய வருடம்தான் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று படமெடுத்துத் திரும்பியிருந்தார். 1857 கடைசியில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றினார். மறு வருடம் அங்கே எடுத்த படங்கள் தொகுதி தொகுதியாகச் சென்னையில் வெளிவந்தன. மதுரைக்கு மட்டும் நான்கு பாகம். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது கண்ணாடி நெகட்டிவ் அல்ல, மெழுகேற்றிய காகித நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு மேல் நீளம். அந்தக் காலத்து வெள்ளி உப்புக்கு ஒரு குருட்டுத்தனம் இருந்தது. நீல வெளிச்சம் மட்டும் அதன் கண்ணில் அளவுக்கு மீறிப் படும். பச்சை மங்கலாகத் தெரியும். சிவப்பு தெரியவே தெரியாது. மீனாட்சி கோயில் கோபுரம் சரியாக விழ வேண்டும் என்று நேரம் கொடுத்தால், அதற்குள் நீல வானம் முழுக்க வெந்துபோய்ப் பிரிண்டில் வெள்ளைக் காகிதமாக நிற்கும். மேகம் இருந்த சுவடே இருக்காது. நேரம் நீள நீள, காற்றில் ஆடும் இலைகளும் கலங்கிப் போகும். ட்ரைப் என்ன செய்தார்? தூரிகையை எடுத்து நெகட்டிவ் மேலேயே சாயம் தீட்டினார். மேகம் வெளுப்பாக விழ வேண்டிய இடத்தில் நெகட்டிவில் கருமையை ஏற்றினார். இலைக்கொத்துகளுக்கு வடிவம் கொடுத்தார். இன்று மியூசியங்களில் நாம் பார்க்கும் அவருடைய தென்னிந்தியப் படங்களில் மேகங்கள் மிதக்கின்றனவென்றால், அவற்றில் பல கேமரா முன்னால் இருந்த மேகங்கள் அல்ல. பழைய படங்களை வைத்துப் பருவநிலை ஆராயக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் நிதானித்துக்கொள்வது நல்லது.

அதே ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலில் செய்த இன்னொரு வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜ சோழன் காலக் கல்வெட்டுகள் வரி வரியாக ஓடுகின்றன. அவற்றைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். கல்வெட்டியல் அறிஞர் ஹூல்ஷ் அந்தக் கல்வெட்டுகளை அச்சுக்குக் கொண்டுவரத் தொடங்கியதற்கு முப்பது வருடங்களுக்கு முந்தைய காரியம் இது. கல்லில் வெட்டிய எழுத்தைப் படமெடுப்பது எவ்வளவு வம்பு பிடித்த வேலை என்பது முயன்றவர்களுக்குத் தெரியும். வெளிச்சம் நேராக விழுந்தால் எழுத்தும் கல்லும் ஒரே நிறமாகிச் சுவர் தட்டையாகிவிடும். சாய்ந்து விழுந்தால்தான் ஒவ்வொரு கோட்டின் பள்ளத்திலும் நிழல் தங்கி, ‘க’வும் ‘த’வும் பிரிந்து தெரியும். துண்டுக்குத் துண்டு தூரமும் உயரமும் மாறாமல் இருந்தால்தான் வரிகள் ஒன்றோடொன்று பொருந்தும். இதில் எதையும் பிறகு தூரிகையால் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால் அது கல்வெட்டாக இருக்காது, வரைந்தவரின் கையெழுத்தாகிவிடும். வானத்தில் மேகம் தீட்டிய அதே ஆள்தான் இந்தச் சுருளையும் செய்தார். எங்கே கை வைக்கலாம், எங்கே வெளிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற இந்தப் பாகுபாடுதான் புகைப்படத் திறமை. கேமராவில் கண் வைப்பது ஒரு தொழில், அதற்கப்புறம் கை வைப்பது அதைக் கெடுக்கும் இன்னொரு தொழில் என்று அவர் பிரித்துப் பார்த்ததற்கு அடையாளமே இல்லை.

நெகட்டிவில் இப்படிக் கை வைத்தது ட்ரைப்பின் தனிப்பட்ட குசும்பு அல்ல. அதே வருடங்களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டை இணைத்து 1857இல் பேரலைப் படத்தைச் செய்தார். இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் மறு வருடம் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, சாகக் கிடக்கும் பெண்ணின் படத்தை உருவாக்கினார். ‘இது உண்மையா, ஏமாற்றா’ என்ற சண்டையும் அப்போதே கிளம்பியது. இன்று புதுசாக நடப்பதாக நினைக்கிற வாக்குவாதத்துக்கு வயது நூற்றறுபதைத் தாண்டிவிட்டது.

கோயிலை விட்டு முகத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியமானது. சென்னையிலும் பிறகு கும்பகோணம், மதுரை, காரைக்குடி மாதிரி ஊர்களிலும் ஸ்டூடியோக்கள் பெருகியபோது, இருட்டறைக்கு அடுத்தபடி முக்கியமான இடம் நெகட்டிவைத் திருத்தும் டச்சிங் மேஜை. சாய்வான மரப் பலகை, நடுவில் ஒரு ஓட்டை, ஓட்டையில் மங்கல் கண்ணாடி. கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி மேலே திருப்பிவிடும். நெகட்டிவை அதன்மேல் வைத்து, வழுக்குகிற ஜெலட்டின் பரப்பில் பென்சில் பிடிப்பதற்காகப் பிசின் கலந்த மீடியத்தைத் துளி எடுத்துப் பஞ்சால் தேய்ப்பார்கள். பென்சில் 3ஹெச், 4ஹெச் மாதிரிக் கடினமானது. மரத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் சீவி எறிந்துவிட்டு, வெளியே நிற்கும் ஈயத்தை உப்புத்தாளில் உருட்டி உருட்டி ஊசிமுனையாக்க வேண்டும். பிறகு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கமா மாதிரி, சின்னச் சுழி மாதிரி கோடுகள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்பதால், கண்ணுக்கடியில் உள்ள கருவளையம் அங்கே வெளிறிய திட்டாக இருக்கும். அந்தத் திட்டைப் பென்சிலால் சுற்றுப்புறத்தின் கருமைக்குக் கொண்டுவந்தால் பிரிண்டில் வளையம் மறையும். எதையாவது கறுப்பாக்க வேண்டுமென்றால் பிளேடு முனையால் ஜெலட்டினைச் சுரண்ட வேண்டும். பென்சிலை அழிக்கலாம், சுரண்டியதை ஒட்ட முடியாது. கை ஒருமுறை அழுந்திவிட்டால், வந்துபோன ஆளைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியதுதான்.

இவ்வளவு பாடு எதற்கு? அழகு பார்ப்பதற்கு மட்டும் என்று நினைத்தால் தப்பு. ட்ரைப்பின் வானத்தை அழித்த அதே குருட்டுத்தனம் முகத்திலும் வேலை செய்தது. சிவப்பைப் பார்க்கத் தெரியாத பிளேட்டில் மாநிற முகம் நிஜத்தைவிட இருண்டு விழும். லேசான சிவந்த பரு கரும்புள்ளியாகும். எதிரே நின்று பார்க்கிறவர் கவனிக்கவே செய்யாத தழும்பு, பூதக்கண்ணாடி வைத்த மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் 1873இல் சாயம் கலந்து பச்சைக்குக் கண் திறந்துவிட்டார். சிவப்பையும் பார்க்கிற பான்குரோமாட்டிக் பிளேட் 1906 வாக்கில்தான் கடைக்கு வந்தது. சின்ன ஊர்களில் பழையதே பல காலம் ஓடியது. இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்யலாம் என்ற வசதியை யார் விடுவார்கள்? ஆகவே அந்தக் காலத்து டச்சிங்காரர் பொய்யை நுழைத்தார் என்பதைவிட, கேமரா சொன்ன பொய்யைத் திருத்தினார் என்பதே பெரும்பாலும் பொருந்தும்.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்டூடியோ உள்ளறையில் தொங்கிய கண்ணாடி, பல்லுடைந்த சீப்பு, பவுடர் டப்பா, எல்லா அளவுக்கும் பொருந்துவதாக நம்பப்பட்ட ஒரே ஒரு கோட்டு, இவையும் டச்சிங்கின் பகுதிதான். என்ன, ஷட்டருக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. அந்தப் பவுடருக்கும் முதலில் ஒரு தொழில்நுட்ப நியாயம் இருந்தது. ஃபிலிமின் கண் திறந்த பிறகும் பவுடர் போகவில்லை, முகத்தை வெளுக்கும் பென்சிலும் நிற்கவில்லை. பெண் பார்க்க அனுப்பும் படத்தில் ‘கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க’ என்ற கோரிக்கைக்கும் வெள்ளி உப்புக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. காரணம் செத்த பிறகும் பழக்கம் உயிரோடிருந்தது, நிற வெறி அதற்குச் சோறு போட்டது. இன்று போனைத் திருப்பினாலே முகத்தை வெளுத்துக் காட்டுகிற மென்பொருள் இந்தப் பரம்பரையின் வாரிசு. டிஜிட்டலைத் திட்டுகிறவர்கள் இதற்காகத் திட்டினால் நியாயம், ஆனால் பழியைக் கம்ப்யூட்டர் தலையில் மட்டும் கட்ட முடியாது.

அப்படியானால் அன்றைக்கும் எடுப்பவர் அசட்டையாக எடுத்துவிட்டு மேஜைக்குத் தள்ளிவிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். பெரிய ஸ்டூடியோக்களில் டச்சிங்குக்குத் தனி ஆள் இருந்ததால் கேள்வி நியாயமானதுதான். பதில் கூலியில் இருக்கிறது. ஒரு முகத்தை ஒழுங்காக டச் பண்ண அரை மணியோ ஒரு மணியோ பிடிக்கும். குழுப் படமென்றால் முகத்தை எண்ணிப் பெருக்கிக்கொள்ளலாம். சின்ன ஊரில் எடுப்பவரும் அவர்தான், கழுவுபவரும் அவர்தான், ராத்திரி பென்சிலோடு உட்காருபவரும் அவர்தான். மூக்கு நிழல் உதட்டில் விழும்படி விளக்கை வைத்துவிட்டால் அந்த நிழலோடு தானே மல்லுக்கட்ட வேண்டும் என்று தெரிந்த ஆள், விளக்கை நகர்த்தாமல் ஷட்டரை அமுக்குவாரா? வடக்கு வெளிச்சம் வரும்படி கண்ணாடிக் கூரை போட்டது, தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னது, கண்ணாடி போட்டவரின் தலையைச் சாய்த்துப் பிரதிபலிப்பைத் தள்ளியது எல்லாம் மேஜையில் பட்ட பாட்டிலிருந்து கற்ற பாடங்கள். டச்சிங் கடினமாக இருந்ததுதான் கேமரா வேலையைக் கூர்மையாக்கியது. இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்திருந்தன.

பிறகு வந்தது நாம் ஏங்குகிற ‘தொடாத’ காலம். அதன் விதையை 1888இலேயே ஈஸ்ட்மன் போட்டார். நூறு படம் நிரப்பிய கோடாக் கேமராவை வாங்கு, எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பு, மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அவருடைய வியாபாரம். எடுப்பதும் ஆக்குவதும் அன்று பிரிந்தன. தமிழில் அந்தப் பிரிவு ஒரு வினைச்சொல்லாகவே பதிந்துவிட்டது. படம் ‘எடுக்கிறோம்’, ‘பிடிக்கிறோம்’. ஃபிலிமையோ ‘கழுவக் கொடுக்கிறோம்’. படம் ஏற்கெனவே முழுசாக உள்ளே இருக்கிறது, அழுக்கை அலசினால் போதும் என்பது போல. இருட்டறையில் நின்றவருக்கு அந்த வினை எவ்வளவு அநியாயமானது என்று தெரிந்திருக்கும்! 1980களில் 35 எம்எம் கலர் ஃபிலிமும் கலர் லேபும் ஊர் ஊராகப் பரவியபோது டச்சிங் மேஜை பரணுக்குப் போனது. யாரும் மனம் திருந்தி அதைக் கைவிடவில்லை. 24க்கு 36 மில்லிமீட்டர் சட்டத்தில் கல்யாணக் குழுப் படத்தின் ஒரு முகம் கடுகளவு. மூன்று சாய அடுக்கு கொண்ட கலர் நெகட்டிவில் வெறும் பென்சில் வேலை எடுபடாது. முடியாததால் விட்டார்கள், அவ்வளவுதான். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் தயாரித்துத் தந்த கறுப்பு-வெள்ளைச் சரக்கை வைத்துப் பிழைத்தவர்களுக்கு அது கஷ்டகாலத்தின் தொடக்கம்.

சரி, அந்தக் காலத்தில் கேமராத் திறமையாவது உச்சத்தில் இருந்ததா? கலர் நெகட்டிவ் ஃபிலிம் தாராள மனசு படைத்தது. இரண்டு ஸ்டாப் அதிகமாக வெளிச்சம் கொடுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். தப்பை லேபில் பிரிண்டர் முன் உட்கார்ந்தவர், ஒவ்வொரு சட்டத்துக்கும் அடர்த்தியைக் கூட்டிக் குறைத்து, மஞ்சள், மெஜந்தா, சயான் பட்டன்களைத் தட்டிச் சரிக்கட்டினார். எடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது. ஆல்பம் கைக்கு வந்ததும் தன் திறமை என்று நினைத்துக்கொண்டார். கைபடாத படம் என்று நாம் கொண்டாடுவது உண்மையில் முகம் தெரியாத ஒரு ஆள் தொட்ட படம். ஸ்லைடு ஃபிலிம்காரர்கள் இதற்கு விதிவிலக்கு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கோடாகுரோம் மாதிரி ஃபிலிமில் கேமராவில் விழுந்ததுதான் கடைசிப் படம், கால் ஸ்டாப் தவறினாலும் தெரியும். ஆனால் அது பத்திரிகைக்காரர்களும் வசதிபடைத்த ஆர்வலர்களும் நடந்த ஒற்றையடிப் பாதை.

‘கலப்படமில்லாத புகைப்படம்’ என்பதற்கு அமெரிக்கர் ஆன்சல் ஆடம்ஸைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அவர் வேறு விதமாகச் சாட்சி சொல்வார். நெகட்டிவில் பென்சில் வரைவதை அவரும் எஃப்/64 குழுவினரும் வெறுத்தார்கள் என்பது சரி. ஆனால் 1941இல் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவுப் படத்தின் வானத்தை இருட்டறையில் மேலும் மேலும் கறுக்கவிட்டார். ஆரம்பப் பிரதிகளில் தெரிகிற மெல்லிய மேகங்கள் பிற்காலப் பிரதிகளில் கிட்டத்தட்ட விழுங்கப்பட்டுவிட்டன. முன்புறம் சோகையாக இருந்தது என்று 1948இல் அந்த நெகட்டிவின் ஒரு பகுதியையே ரசாயனத்தில் அழுத்தமாக்கினார். நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர் அவர். நம் ஊரில் சொல்வதானால் கீர்த்தனை ஒன்றுதான், பாடும்போது வருகிற சங்கதிகள் வேறு. போட்டோஷாப்பில் இன்றும் ஒரு பட்டன் குச்சியில் ஒட்டிய வட்ட அட்டை மாதிரியும், இன்னொன்று குவித்த கை மாதிரியும் இருக்கிறதே, அவை இருட்டறையில் வெளிச்சத்தை மறைக்க வைத்த கம்பியும், ஓட்டை வழியாக வெளிச்சம் விடக் குவித்த கையும்தான். 1990இல் நோல் சகோதரர்களின் அந்த மென்பொருள் வெளிவந்தபோது, பழைய தொழிலின் கருவிகள் அப்படியே வீடு மாறின.

இதையெல்லாம் வைத்து எந்தத் திருத்தமும் தப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில், படுக்கைவாட்டப் படத்தைச் செங்குத்து அட்டையில் அடைப்பதற்காக கிசா பிரமிடுகளை நெருக்கி வைத்தார்கள், பெரிய சர்ச்சையானது. போட்டோஷாப் பிறக்காத காலம் அது. பிரமிடுகள் இப்படித்தான் நிற்கின்றன என்று அந்தப் பத்திரிகை வாசகருக்கு வாக்குக் கொடுத்திருந்தது, அதை மீறியதுதான் குற்றம். கல்வெட்டைப் படமெடுத்தவர் ஓர் எழுத்தைத் திருத்தியிருந்தாலும் அதே குற்றம்தான். ஆனால் நம் வீடுகளில் பழைய ஸ்டூடியோக்கள் செய்ததைப் பாருங்கள். தாத்தா செத்த பிறகு தேடினால் எங்கோ ஒரு குழுப் படத்தின் மூன்றாம் வரிசையில் மட்டும் இருப்பார். அந்த முகத்தை வெட்டி எடுத்துப் பெரிதாக்கி, பக்கத்து ஆளின் தோளைச் சிவப்பு மசியால் மறைத்து, சட்டையும் அங்கவஸ்திரமும் வரைந்து சுவருக்குக் கொடுத்தார்கள். மாலை போட்ட குடும்பத்தில் யாரும் ஏமாறவில்லை, ஸ்டூடியோவில் அந்த அங்கவஸ்திரத்துக்குக் காசு கொடுத்ததே அவர்கள்தான்.

டிஜிட்டலால் எதுவும் மாறவில்லையா என்றால், ஒன்று மாறியது, அது சின்ன விஷயம் அல்ல. திருத்தத்தின் கூலி போய்விட்டது. ஒரு மணி நேரப் பென்சில் இன்று ஒரு சொடுக்கு. பிடிக்கவில்லையென்றால் பின்னால் போகலாம். விளக்கை நகர்த்தக் கற்றுக்கொடுத்த தண்டனை இல்லாமல் போனதால், நகர்த்தாதவர்கள் பெருகியிருக்கிறார்கள் என்பதை மறுக்க மாட்டேன். பழைய ஆட்களின் புலம்பலில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான். ஆனால் பழைய ஆசான் போன இடத்தில் வேறொரு ஆசான் உட்கார்ந்திருப்பதையும் பார்க்க வேண்டும். ஃபிலிம் கழுவி வரும் வரை தன் தப்பு தெரியாமல் இருந்தவருக்கு இன்று கேமராவின் முதுகிலேயே விடை தெரிகிறது. நடுப்பகலில் வெள்ளை வேட்டியை அளவு மீறி எடுத்துவிட்டால், கலர் நெகட்டிவ் மன்னித்திருக்கும்; சென்சார் மன்னிக்காது, மடிப்பெல்லாம் அழிந்து ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். அதை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது, புதிதாக வரைந்து கொடுத்தால்தான் உண்டு.

இப்போது ஸ்டூடியோக்களுக்குப் பழுதுபார்க்க வருகிற பழைய படங்களைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. பென்சில் பட்ட 1950களின் கறுப்பு-வெள்ளை முகங்கள் சட்டத்துக்குள் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கின்றன, நன்றாக அலசிய வெள்ளி அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. பரிதாபமாக வருபவை எண்பதுகளின் கல்யாண ஆல்பங்கள். சயான் சாயம் முதலில் வெளிறியதால் மணமக்களும் மண்டபமும் வாழைமரமும் ஒரே செங்காவியாகச் சிவந்து, பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவற்றை ஸ்கேன் செய்து, திரையில் போட்டு, புடவைக்கு அதன் பச்சையைத் திருப்பிக் கொடுக்கிற பையன் கல்யாணத்துக்குப் பிறகு பிறந்தவனாக இருப்பான். பச்சை எந்தப் பச்சை என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாளைத்தான் கேட்க வேண்டும். “இன்னும் கொஞ்சம் அடர்த்தியா இருந்துச்சு தம்பி, கிளிப்பச்சை இல்ல, மாந்தளிர் மூத்தா வருமே, அந்தப் பச்சை.”